பேர்ளும் ஐஸ் மெஷினும்

கனடாவை விட்டு மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்தபோது, கப்பலில் எதை அனுப்புவது, எதைக் கைவிடுவது என்று பேர்ளும் அவளுடைய கணவர் ஜெயசிங்கமும் சண்டை பிடிக்காத நாள் இல்லை. பேர்ள் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள். தையல் மெஷினை மச்சாளுக்குக் கொடுத்தாள். பெரிய சமையல் கிடாரங்களை மாதா கோயில் குசினிக்குக் கொடுத்தாள். இருந்து பழகிய சாய்கதிரையை வீதியோரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். ஜெயசிங்கமோ ஒரே ஒரு பொருளில் பிடித்த பிடியாக நின்றார். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பனிக்கட்டியில் துளை போடுகிற இயந்திரம் அது. மேலே ஒரு சிறு பெற்றோல் எஞ்சின், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே திருகு திருகாக நீண்ட ஒரு துளைக்கம்பி. வீட்டில் எல்லோருக்கும் அது 'ஐஸ் மெஷின்'.

"மெல்பேர்னில ஏரி உறையிறேல்லை. தெரியுமோ உங்களுக்கு?" என்று பேர்ள் கேட்டாள்.

"தெரியும். மண்ணுக்கெண்டு வேற கம்பி விக்கிறாங்கள். அதைப் பூட்டினா நிலத்திலயும் துளை போடலாம். ஒருநாள் தேவைப்படும் பாரும்."

பேர்ள் மன்னாரில் பேசாலைப் பக்கம் பிறந்தவள். இருபத்தைந்து வயதில் ரொறன்ரோவுக்குப் போய், ஒரு பாண் தொழிற்சாலையில் சேர்ந்து, மாத் தட்டுகளைத் தூக்கித் தூக்கி அடுக்கியே ஓய்வு வயதுக்கு வந்தாள். கூட வேலை செய்தவர்கள் முதுகு, முழங்கால் என்று ஒவ்வொருவராக விலகிப் போக, அவள் மட்டும் நின்றாள். முன்கோபக்காரி. ஒரு வேலையைச் செய்வதாக இருந்தால் உடனே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவளுடைய கொள்கை. ஜெயசிங்கம் அதற்கு நேர்மாறு. திருகாணி ஒன்றைக் கழற்றும் முன் அதைப் பற்றி அரை மணித்தியாலம் யோசிப்பவர். இந்த இரண்டு பேரும் எப்படி இவ்வளவு காலம் ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள் என்று மகள் டிலக்சியே பல தடவை வியந்திருக்கிறாள்.

அந்த டிலக்சியின் வீட்டுக்குத்தான் பெற்றோர் விசாவில் வந்து சேர்ந்தார்கள். மெல்பேர்னின் மேற்கு ஓரத்து டார்னெய்டில், புதுத் தெருக்களும் காற்றும் மட்டுமே நிறைந்த ஒரு மூலையில் இருந்தது அந்த வீடு. மருமகன் பிரதீப்குமார் ஈரோட்டுப் பிள்ளை. கணினி வேலை. மாமனார் மாமியாரைத் தாங்கு தாங்கென்று தாங்குவான். ஒரு மின்குமிழ் பழுதானால்கூட, "நீங்க உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்பான். ஜெயசிங்கம் ஏணியைப் பிடித்தபடி நிற்பார், பிறகு அதைக் கொண்டுபோய் வைப்பார். அவ்வளவுதான் அவருக்கு விட்டுவைத்த வேலை.

ஓகஸ்ட் மாதக் காற்றில் பின்வளவு மரவேலி விழுந்தது. மரச்சட்டங்கள் நன்றாகத்தான் இருந்தன. நிலத்துக்குள் போன கம்பங்களின் அடிதான் உக்கிப் போயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தசாரதி வீடு. அவரும் மனைவி மீனாம்பாளும் முட்டைகூடத் தொடாதவர்கள். ஆனால் அவர்களுடைய நாய் லட்டு, விழுந்த வேலியைத் தாண்டி வந்து, பேர்ள் வெயிலில் காயப்போட்டிருந்த கருவாட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போய் அவர்கள் வீட்டுச் சோபாவில் வாந்தி எடுத்தது. மீனாம்பாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலி ஓரத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். பேர்ளும் மன்னிப்புக் கேட்டாள். யார் யாரிடம் எதற்குக் கேட்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"புது வேலி போட ஆளைக் கூப்பிட்டுடலாம் அத்தை, ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க" என்றான் பிரதீப்.

அப்போதுதான் ஜெயசிங்கம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆள் ஒருத்தரும் தேவையில்லை. கம்பத்துக்குத் துளை நான் போடுறன். மெஷின் கிடக்குத்தானே."

அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து பிரதீப் மறுத்துப் பேசவில்லை.

மண்ணுக்கான கம்பி வந்தது. புதுக் கம்பங்கள் வந்து கராஜில் அடுக்கப்பட்டன. சனிக்கிழமை காலை ஜெயசிங்கம் மெஷினைப் புல்லில் நிறுத்தி, பெற்றோல் ஊற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு வந்தது. திரும்பி உள்ளே போகவில்லை. செத்த பாம்பு மாதிரித் தொங்கியது.

அன்று தொடங்கியது பேர்ளின் கஷ்டகாலம்.

அவள் விரும்பாமலே அந்த இழுகயிற்றின் சங்கதி முழுவதையும் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் வைத்தே அவர் அதைப் பிரித்ததால் கற்காமல் இருக்க வழியில்லை. எஞ்சின் மூடிக்குள் ஒரு கப்பி. கப்பியைச் சுற்றிக் கயிறு. இழுத்தால் கப்பியிலிருந்து இரண்டு சின்னக் கொளுக்கிகள் வெளியே நீண்டு எஞ்சினைக் கவ்வித் திருப்பும். கையைத் தளர்த்தினால், கப்பிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிற தகட்டுச் சுருள் கயிற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சுருள் பிடி விட்டுப்போய்விட்டது என்றார் ஜெயசிங்கம்.

"மெதுவாக் கழட்ட வேணும். பாய்ஞ்சுதெண்டா ஆபத்து" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. சுருள் பாய்ந்தது. மேசையிலிருந்து விரிந்து எழும்பி, பேர்ளின் பருப்புச் சட்டிக்குள் பாதியும் வெளியே பாதியுமாக விழுந்தது.

"கோதாரி விழுந்த மெஷின்!" என்று கத்தினாள் பேர்ள். "இஞ்சாருங்கோ, இது குசினியோ கராஜோ?"

"கராஜில வெளிச்சம் காணாது."

பருப்பு குப்பைக்குப் போனது. சுருள் மட்டும் கழுவித் துடைக்கப்பட்டு மேசைக்குத் திரும்பி வந்தது.

புதுச் சுருள் வாங்கிப் போட்டார். பழைய கயிறு மூடியின் வாயருகில் உராய்ந்து பிசிறு தட்டியிருந்ததால் புதுக் கயிறும் போட்டார். கயிற்று முனை பிரியாமல் இருக்க அதை அடுப்பில் காட்டி உருக்கினார். குசினி முழுக்க பிளாஸ்ரிக் நாற்றம். கப்பியைச் சில சுற்றுச் சுற்றி முறுக்கேற்றிவிட்டுத்தான் கயிற்றை முடிய வேண்டுமாம். முறுக்குக் குறைந்தால் கயிறு உள்ளே போகாது, கூடினால் சுருள் உடையும். அந்த முறுக்கைப் பிடித்துக்கொண்டிருக்க மூன்றாவது கை வேண்டும். மூன்றாவது கை பேர்ளுடையது.

"விடாதேயும், விடாதேயும்!"

"விடேல்லை! கெதியாக் கட்டுங்கோ, அரிசி பொங்குது!"

பூட்டினார். கயிறு அழகாக உள்ளே ஓடியது. ஆனால் இழுத்தால் கப்பி மட்டும் சுழன்றது, எஞ்சின் அசையவில்லை. திரும்பக் கழற்றிப் பார்த்தால், வழவழப்பாக இருக்கட்டும் என்று கொளுக்கிகளில் அவரே அள்ளிப் பூசிய கிறீஸில் அவை ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் கிடந்தன. கிறீஸைத் துடைக்க பல் தூரிகை ஒன்று தேவைப்பட்டது. பேர்ள் அன்று இரவு பல் தீட்டப் போனபோதுதான் அது யாருடைய தூரிகை என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு கொளுக்கிகள் கவ்வின. எஞ்சின் ஒரு தடவை முக்கியது. அவ்வளவுதான். கிளம்பவில்லை. பிளக்கை மாற்றினார். பழைய பெற்றோலை வடித்துப் புதிது ஊற்றினார். காற்று வடிகட்டியைக் கழுவினார். ஒவ்வொரு நாளும் காலையில் புல்லில் போய் நின்று இழுப்பார், முணுமுணுப்பார், மூடியைக் கழற்றுவார், மீண்டும் மேசைக்கு வருவார். வேலி கிடையாகக் கிடந்தது. லட்டு தன் இஷ்டத்துக்கு வந்து போனது. கருவாட்டை பேர்ள் குளியலறை யன்னலில் காயவைத்தாள். டிலக்சி வேலைக்குப் போகும் அவசரத்தில், "அம்மா, ஸீரியஸ்லி?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருநாள் பார்த்தசாரதி வேலிச் சட்டத்தைத் தாண்டி வந்தார். "நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டுமா சார்? ஊர்ல பம்புசெட் எல்லாம் இழுத்திருக்கேன்."

"வேண்டாம்" என்றார் ஜெயசிங்கம். "கை வைக்காதேயுங்கோ."

அந்தக் குரல் பேர்ளுக்குப் புதிதாக இருந்தது. பார்த்தசாரதி முகம் சிறுத்து, "சரி சார், உங்க இஷ்டம்" என்று திரும்பிப் போனார். பேர்ள் பின்னாலேயே ஓடிப்போய், கோபிக்க வேண்டாம், இவருக்கு இரண்டு மூன்று நாளாக நித்திரை இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். திரும்பி வந்து கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மனுசன் உதவிக்கு வந்தவர். ஏன் நாய் மாதிரி விழுறியள்?"

"என்ர மெஷின். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அது கிளம்பேல்லை?"

அவர் குனிந்து மூடியைக் கழற்றத் தொடங்கினார். பிரதீப்பையும் அவர் தொட விடவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு, பிரதீப் மெதுவாக, ஒரு வேலிக்காரரிடம் பேசிவிட்டதாகவும் அடுத்த கிழமை வருவார் என்றும் இராச்சாப்பாட்டின்போது சொன்னான். "நல்லது தம்பி" என்றார் ஜெயசிங்கம். சோற்றைப் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், எழும்பிப் போய்விட்டார். டிலக்சி கணவனை முறைத்தாள். கணவன் பேர்ளைப் பார்த்தான். பேர்ளுக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. மகள் மேல், மருமகன் மேல், நாய் மேல், ஏன் சோறு மேலும்கூட.

மறுநாள் காலையும் அவர் புல்லில் நின்றார். பேர்ள் உடுப்புக் காயப்போட வெளியே வந்தாள். வழமையாக அவள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை, பார்த்தால் கோபம் வரும். அன்று பார்த்தாள். ஜெயசிங்கம் இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தார். வலது கை மெஷினைப் பிடிக்காமல் விலாவோடு ஒட்டியிருந்தது. கயிறு பாதிதான் வெளியே வந்தது. அதுவும் கோணலாக வந்து மூடியின் விளிம்பில் உராய்ந்தது. சின்னப் பிள்ளை சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் இழுப்பு. எஞ்சின் ஒரு சுற்றுக்கூடச் சரியாகச் சுற்றவில்லை.

"என்ன இழுவை இது? விலகுங்கோ."

"பேர்ள், தொடாதேயும்!"

"விலகுங்கோ எண்டுறன்!"

உடுப்புக் கூடையைக் கீழே போட்டாள். மெஷினை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் கைப்பிடியைப் பற்றி, பாண் தொழிற்சாலையில் தட்டு இழுக்கிற அதே வேகத்தில் இழுத்தாள். எஞ்சின் இருமியது. திரும்ப இழுத்தாள். பக்கென்று ஒரு புகை. மூன்றாம் தடவை அது அலறிக்கொண்டு கிளம்பியது. பக்கத்து வீட்டில் லட்டு குரைத்தது. மீனாம்பாள் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

பேர்ளுக்குத் தலைகால் புரியவில்லை. வென்றுவிட்டேன் என்று திரும்பிப் பார்த்தால், ஜெயசிங்கம் கராஜ் சுவரில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் நடுங்கி நடுங்கி அவளையும் சேர்த்து ஆட்டியது.

"இதை எப்பிடி நிப்பாட்டுறது? இஞ்சாருங்கோ! எப்பிடி நிப்பாட்டுறது இந்தச் சனியனை?"

அவர் வந்து இடது கையால் ஒரு விசையைத் தட்டினார். சத்தம் நின்றது. அந்த அமைதியில் பேர்ள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். அது இன்னும் விலாவோடுதான் இருந்தது. கையை எட்டி அவருடைய தோளைத் தொட்டாள். அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

"எப்ப தொடக்கம்?"

"கொஞ்ச நாளாத்தான்."

"எப்ப தொடக்கம் எண்டு கேட்டனான்."

"அந்தப் பழைய வோஷிங் மெஷினைப் பிரதீப் தம்பியோட சேர்ந்து தூக்கினது நினைவிருக்கே? அண்டைக்கு."

அது மாசி மாதம். பேர்ளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மேல் தட்டிலிருந்து சீனிப் போத்தலை எடுத்துத் தரச் சொன்னால் அவர் கதிரை போட்டு ஏறியது. தலையால் போடுகிற பனியனை விட்டு, எந்த நேரமும் பொத்தான் வைத்த சட்டையையே போட்டது. இரவில் புரண்டு புரண்டு படுத்தது. அவள் அதையெல்லாம் வயது என்று நினைத்தாள். சிலவேளை சோம்பல் என்றும் சொல்லித் திட்டியிருக்கிறாள்.

"ஏன் சொல்லேல்லை?" குரல் ஏறியது. அது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "அரை வருசம்! நான் ஒருத்தி இந்த வீட்டில என்னத்துக்கு இருக்கிறன்?"

"சொன்னா என்ன நடக்கும்? தம்பி தன்னாலதான் எண்டு மனம் நோவான். டிலக்சி என்னை ஏணி பிடிக்கவும் விடமாட்டாள். பிள்ளையின்ர வீட்டில வந்திருந்து, ஒரு வேலைக்கும் உதவாம, நோய் வருத்தக்காரன் எண்டு இன்னொரு பாரம் வேற." அவர் மெஷினின் மூடியைத் தடவினார். "கயிறு சரி வந்தா மெதுவா இழுத்தும் கிளப்பலாம் எண்டு நினைச்சன். கயிறுதான் பிழை எண்டு நான் உண்மையாவே நம்பினனான் பேர்ள்."

பேர்ள் உடுப்புக் கூடையைத் தூக்கினாள். திரும்ப வைத்தாள். "விசர் மனுசன்" என்றாள். பிறகு உள்ளே போய் மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். தோள்மூட்டுத் தசைநார் கிழிந்து, அசைக்காமல் வைத்திருந்ததால் மூட்டும் இறுகிப் போயிருக்கிறது, முன்னமே வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்றார். பேர்ள் கணவரைப் பார்த்த பார்வையில் டொக்டரே பேச்சை நிறுத்திவிட்டார். ஊசி போட்டார்கள். உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜெயசிங்கம் நினைத்தபடியே பிரதீப் மனம் நொந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்று கண் கலங்கக் கேட்டான். ஜெயசிங்கம் அவனுடைய முதுகைத் தட்டி, வேலிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

"மாமா, ப்ளீஸ். இப்பவுமா?"

"மெஷின் கிளம்பும் தம்பி. உங்கட மாமி கிளப்புவா."

இப்படியாக, பேர்ளை ஒரு வார்த்தை கேட்காமலே வேலி அவள் தலையில் விழுந்தது.

துளை போடுகிற நாள் வந்தது. ஒரு கைப்பிடியில் பேர்ள், மறு கைப்பிடியில் பிரதீப். பார்த்தசாரதி கடப்பாரையோடு வந்து நின்றார். ஜெயசிங்கம் போன கிழமையே ஒரு டப்பா கேசரி வாங்கிக்கொண்டு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். அன்று அவர் மடிப்புக் கதிரையில், கையைத் துணியில் தொங்கவிட்டபடி இருந்து கட்டளை போட்டார்.

"சடாரெண்டு இழுக்காதேயும். முதல்ல மெதுவா இழும், பிடிக்குதெண்டு தெரியும், அங்கையிருந்து இழும். நேரா! நேரா! கோணலா இழுத்தாக் கயிறு அறும். முழுக்கயிறையும் இழுக்கக்கூடாது, கடைசி மட்டும் இழுத்தாச் சுருள் போயிடும். ஐயோ, விடேக்குள்ள சும்மா விடாதேயும், கையோட கொண்டுபோய் விடும்!"

"நீங்கள் வாயை மூடினா நான் கிளப்புவன்!"

கிளப்பினாள். டார்னெய்ட் மண் மேலே பசை, கீழே கல். கம்பி இறங்கி இறங்கி ஒரு கல்லில் மாட்டியதும் மெஷின் ஆட்கள் இரண்டு பேரையும் சுழற்றப் பார்த்தது. பிரதீப் கைப்பிடியை விட்டுவிட்டுத் துள்ளினான். பேர்ள் விடவில்லை. "பிடியுங்கோ மகன், பிடியுங்கோ!" என்று கத்தினாள். பார்த்தசாரதி கடப்பாரையால் கல்லைக் கிளப்ப, மீண்டும் இறங்கினார்கள். ஒவ்வொரு துளைக்கும் மெஷின் அணைந்தது, ஒவ்வொரு தடவையும் ஜெயசிங்கம் அதே பாடத்தை முதலிலிருந்து ஒப்பித்தார். மத்தியானத்துக்குள் பேர்ளுக்குத் தலைமுடியிலும் சேறு, காதுக்குள்ளும் சேறு. மீனாம்பாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கவும் விடாமல், மூன்றாவது துளை வரிசைக்குக் கட்டிய நூலுக்கு அரை அங்குலம் விலகியிருக்கிறது என்றார் ஜெயசிங்கம்.

"எழும்பி வந்து நீங்களே கிண்டுங்கோ."

"நான் சொன்னதுக்குக் கோபப்படாதேயும். கொஞ்சம் விலகித்தான் கிடக்கு."

விலகித்தான் கிடந்தது. அதையும் திருத்தினாள். பின்னேரம் கம்பங்கள் எல்லாம் நின்றன. ஜெயசிங்கம் எழும்பி வந்து ஒவ்வொன்றாக இடது உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து, மூடியில் ஒட்டிய சேற்றைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். ஒரு கையால் துடைக்க மெஷின் சரிந்து சரிந்து போனது. பேர்ள் பெருமூச்சு விட்டபடி போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். தெருமுனை வீட்டு விஜயா. தன்னுடைய வளவிலும் வேலி சாய்ந்துவிட்டதாம். பார்த்தசாரதி சொன்னாராம்.

"உங்ககிட்ட ஏதோ மெஷின் இருக்காமே. ரெண்டே ரெண்டு கம்பம்தான். இரவல் கிடைக்குமா?"

"இரவல் குடுக்கிறேல்லை. கயிறை அறுத்துப் போடுவினம்" என்றார் ஜெயசிங்கம். பேர்ள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "ஆனா ஒண்டுக்கும் யோசிக்காதேயுங்கோ பிள்ளை. சனிக்கிழமை நாங்கள் வாறம்."

"நாங்களோ?" என்றாள் பேர்ள்.

விஜயா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க பேர்ள் கணவரோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமையும் அதிகம் கதைக்கவில்லை. சனிக்கிழமை காலை பழைய காற்சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கராஜ் கதவைத் திறந்து, மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். மடிப்புக் கதிரையை அவர் தூக்க வந்தார்.

"அது வேண்டாம்" என்றாள். "நீங்கள் நிண்டுகொண்டு கத்துங்கோ. டொக்டர் உங்களை நடக்கச் சொன்னவர்."